லிஸ்பனில் ஐந்து வாரம் பாடம் எடுக்கப் போகிறீர்கள், ஊரை எப்போது பார்ப்பீர்கள்?

உங்கள் கேள்வியை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறீர்கள், வரும் கோடையில் பதினாறு மாணவர்களை அழைத்துக்கொண்டு ஐந்து வாரம் லிஸ்பனில் ஒரு பாடம் எடுக்க வேண்டும், இதுதான் முதல் தடவை. "பாடமும் எடுத்து ஊரையும் பார்க்க முடியுமா, இல்லை பிள்ளைகளை மேய்ப்பதிலேயே நாள் போய்விடுமா?" என்று கேட்கிறீர்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுப்பவன், இதே வேலையாக இதே லிஸ்பனுக்கு மூன்று கோடை போயிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. மூன்று கிரெடிட் பாடம் என்றால் ஏறக்குறைய 45 மணி நேர வகுப்பு, ஐந்து வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஒன்பது மணி நேரம். காகிதத்தில் பார்த்தால் சொர்க்கம். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் வருஷம் போர்த்தோ, எவோரா, கோயிம்ப்ரா என்று நீளமாக ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். ஒன்றுக்கும் போகவில்லை. வகுப்புக்கு வெளியே இருக்கும் வேலையை யாரும் மணிக்கணக்கில் எழுதித் தருவதில்லை, அதுதான் விஷயம். ஒருத்திக்குக் காய்ச்சல், மருந்துக்கடையில் நீங்கள் கூட நிற்க வேண்டும். ஒருவன் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பான், தூதரகத்தில் ஒரு பகல் போகும். ஒரே அறையில் இருக்கும் இருவருக்குள் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். யாரோ ஒருவரின் அம்மா அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமிருந்து நடுராத்திரியில் மின்னஞ்சல் போடுவார். ஐந்து வாரமும் போனை அணைக்க முடியாது. இன்னொன்று, உங்கள் பிள்ளைகளுக்கு இருபது வயது. அமெரிக்காவில் 21 வரை குடிக்கக் கூடாது, போர்ச்சுகலில் 18 போதும். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஊர் பார்ப்பதற்கென்று தனியாக நேரம் எடுத்து வைக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பாடத்தைத் தூக்கித் தெருவில் வையுங்கள். ஒன்பது மணி நேரத்தில் ஐந்து மணி நேரமாவது நடையாக இருக்கட்டும். அந்த ஒவ்வொரு நடையையும் அதற்கு முந்தைய வாரம், அதே கிழமை, அதே நேரத்தில் நீங்கள் மட்டும் ஒரு தடவை நடந்து பாருங்கள். நீங்கள் ஊர் பார்க்கும் நேரம் அந்த ஒத்திகை நடைதான். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், குற்ற உணர்ச்சியும் வேண்டாம், ஏனென்றால் அது வேலை!

அதே கிழமை, அதே நேரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வருஷம் பதினெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு லிஸ்பனின் பெலெம் பகுதிக்குப் போனேன், ஜெரோனிமோஸ் மடத்தைக் காட்ட. கதவு மூடியிருந்தது. அன்று திங்கட்கிழமை. லிஸ்பனில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்தான் விடுமுறை, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் பக்கத்தில் 1837இலிருந்து நடக்கும் அந்தப் புகழ்பெற்ற பாஸ்டெய்ஷ் கடையில் எல்லோருக்கும் முட்டைக் கிரீம் பணியாரம் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். இன்றைக்கும் அந்த வருஷத்துப் பிள்ளைகள் எழுதினால் அந்தப் பணியாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள், மடத்தைப் பற்றி அல்ல.

எங்கே நடத்துவது என்றால், என் கட்சி எப்போதும் கார்மோ சதுக்கம். ஒரே இடத்தில் இரண்டு வகுப்பு எடுக்கலாம். கார்மோ மடத்து தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், காலை பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஊரே பூசைக்காகக் கோயில்களில் கூடியிருந்த நேரத்தில் நிலம் குலுங்கியது. கூரை விழுந்தது, திருநாளுக்கு ஏற்றியிருந்த மெழுகுவத்திகள் சாய்ந்து தீ பிடித்தது, தப்பியவர்கள் திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓட, தேஜு ஆறு உள்வாங்கிப் பிறகு சுவராக எழுந்து வந்தது. தீ நாள் கணக்கில் எரிந்தது. பிறகு ஊரையே திரும்பக் கட்டினார்கள், இந்தக் கோயிலின் கூரையை மட்டும் முடிக்கவேயில்லை. இன்றும் விலா எலும்பு மாதிரி வளைவுகள் நிற்கின்றன, நடுவில் வானம்.

அங்கே நின்றுகொண்டு "தண்ணீர் முதலில் உள்ளே போனது" என்று சொன்னால் அமெரிக்கப் பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நான் 2004 டிசம்பரைச் சொல்வேன். மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது அதுவரை யாரும் பார்க்காத கற்கள் வெளியே தெரிந்ததையும், உள்வாங்கிய கடலைப் பார்க்க மனிதர்கள் கிட்டே போவார்கள், விலகிப் போகமாட்டார்கள் என்பதையும் சொல்வேன். அப்போது அவர்கள் முகம் மாறும். பிறகு அப்போதைய அமைச்சர் பொம்பால் பிரபுவின் கதைக்கு வரலாம். எந்தப் பேரழிவுக்கும் கடவுளின் கோபம் என்று ஒரே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அந்த அமைச்சரின் ஆட்சியில் ஒவ்வொரு பங்குக் குருவுக்கும் கேள்வித்தாள் போனது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் செத்தார்கள் என்று. நிலநடுக்க ஆய்வின் தொடக்கங்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். தத்துவவாதிகள் வோல்த்தேரும் கான்ட்டும் இந்த நிலநடுக்கத்தைப் பற்றி எழுதியது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், ஆனால் கேள்வித்தாள்தான் அவர்களைப் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான்.

அப்படியே திரும்பி நின்றால் இரண்டாவது வகுப்பு. அதே சதுக்கத்தில் தேசியக் காவல் படையின் தலைமையகம் இருக்கிறது. 1974 ஏப்ரல் 25 அன்று பிரதமர் மார்செலோ கயத்தானு இதற்குள்ளேதான் ஒளிந்திருந்தார். சல்கெய்ரு மாயா என்ற இளம் கேப்டன் கவச வண்டிகளோடு வந்து சுற்றி வளைத்தார், சதுக்கத்தில் மரத்தின் மேலெல்லாம் ஜனம், மாலைக்குள் கயத்தானு சரணடைந்தார், 48 வருஷத்துச் சர்வாதிகாரம் முடிந்தது. துப்பாக்கிக் குழாயில் சிவப்புக் கார்னேஷன் பூ செருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள், அந்த நாள்தான். மே கடைசியில் போனால் அதே மரங்கள் ஊதாப் பூவாகச் சொரியும், ஜக்கராந்தா. இதைச் சொல்லி முடித்துவிட்டுக் கீழே இறங்கி, சே பேராலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அல்ஜுபே சிறைக்குக் கூட்டிப் போங்கள். ரகசியப் போலீஸ் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த இடம், 2015இலிருந்து அருங்காட்சியகம். மூச்சு முட்டுகிற அளவுக்குக் குறுகலான தனிச்சிறை அறைகள் எப்படி இருந்தன என்று காட்டுகிறார்கள். அங்கே நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம்.

நடுவில் பைஷா பகுதியைச் சும்மா கடந்துவிடாதீர்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு அளந்து போட்ட நேர்த்தெருக்கள், ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டத்தால் பெருக்கல் குறி போட்ட கூண்டு ஒன்று இருக்கிறது, நிலம் ஆடினால் கூண்டும் சேர்ந்து ஆடும், இடியாது என்ற யோசனை. படைவீரர்களைச் சுற்றி அணிவகுக்க வைத்து அதிர்வு கொடுத்துச் சோதித்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்.

இங்கே நமக்கு மட்டும் ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. ருவா தோஷ் சப்பாத்தெய்ருஷ் என்று ஒரு தெரு, செருப்புத் தைப்பவர்கள் தெரு. யாழ்ப்பாணத்துக்காரர் யாராவது கூட இருந்தால் பலகையைப் பார்த்ததும் சிரித்துவிடுவார், அவர் ஊரில் ஷூவுக்குப் பெயர் சப்பாத்து! பாண் (ரொட்டி), துவாய் (துண்டு), குசினி (சமையலறை) எல்லாம் இலங்கைத் தமிழில் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை. நாம் மட்டும் என்ன, சாவி, மேசை, அலமாரி, பேனா, பொத்தான் எல்லாம் அங்கிருந்து வந்த சரக்குதான். தேசியப் பழங்கலை அருங்காட்சியகம் இருக்கும் தெருவின் பெயரே ருவா தஷ் ஜனெலஷ் வெர்தஷ், பச்சை ஜன்னல் தெரு. அப்புறம் இதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்: தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, போர்த்துகீசியமும் சேர்த்து ஒரு சிறிய சமய நூல் 1554இல் இதே லிஸ்பனில் அச்சானது. தமிழ் எழுத்திலேயே முதல் நூல் கொல்லத்தில் 1578இல்தான் வந்தது. மிளகு போன கப்பல்களில் சொற்களும் ஏறி இறங்கியிருக்கின்றன.

மிளகு என்றதும் பெலெம். திங்கள் தவிர்த்து. ஜெரோனிமோஸ் மடத்தின் கல் வேலைப்பாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வாய் பிளக்கும்போது, இதைக் கட்டிய பணத்தில் பெரும் பங்கு கீழ்த்திசை வியாபாரத்தின் மேல் போட்ட வரியிலிருந்து வந்தது என்று சொன்னால் போதும். வாசலிலேயே வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அவர் செத்தது 1524இல் கொச்சியில், முதலில் புதைத்ததும் அங்கேதான், பிறகு 1539இல் எலும்புகளைக் கப்பலேற்றினார்கள். 1502இல் மெக்காவிலிருந்து யாத்திரிகர்களோடு திரும்பிய ஒரு கப்பலைப் பெண்கள் குழந்தைகளோடு எரித்த மனிதர். ஒரு வருஷம் ஒரு பெண் என்னைப் பார்த்து, "இங்கே நிற்க உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். வகுப்பில் அப்படி யாரும் கேட்டதில்லை. சரியான பதில் எனக்கு வரவில்லை, கல் நன்றாகச் செதுக்கியிருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அன்று ராத்திரி வெகுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும், ஏதாவது தயார் செய்துகொண்டு போங்கள்.

ரொஸியு சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாவ் தொமிங்குஷ் கோயிலை விட்டுவிடாதீர்கள். 1506இல் கட்டாயமாக மதம் மாற்றப்பட்ட யூதர்கள் மீது நடந்த படுகொலை இங்கேதான் தொடங்கியது. 1959இல் கோயில் தீப்பிடித்தது, உள்ளே கரிந்த தூண்களை மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். வெளியே படுகொலை நினைவுக் கல், அதைச் சுற்றி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் கூடி நின்று பேசுகிறார்கள், பத்தடி தள்ளிச் செர்ரிச் சாராயம் விற்கும் சின்னக் கடை. இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கவைத்து, பதினைந்து நிமிஷம் யாரும் பேசாமல் எழுதுங்கள் என்று சொல்வேன். போன் பைக்குள். மூன்று வருஷத்தில் எனக்குக் கிடைத்த நல்ல கட்டுரைகளில் பாதி அந்தப் பதினைந்து நிமிஷத்தில் பிறந்தவை.

சில சில்லறை விஷயங்கள், வரிசையில்லாமல் சொல்கிறேன். 28ஆம் எண் டிராமில் பதினாறு பேரை ஏற்ற நினைக்காதீர்கள். ஏற முடியாது, ஏறினாலும் இரண்டு பர்ஸாவது போகும். குன்றின் மேல் இருக்கும் சாவ் ஜோர்ஜ் கோட்டைக்குப் போக ஃபிகெய்ரா சதுக்கத்திலிருந்து 737 பஸ் போகிறது. நடைபாதையெல்லாம் சின்னச் சின்னச் சுண்ணாம்புக் கல் பதித்தது, நூறு வருஷக் காலடியில் மழமழவென்று ஆகியிருக்கும், தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய மாதிரி. ரப்பர் அடி போட்ட ஷூ இல்லாமல் யாரும் வரக் கூடாது என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். முதல் வருஷம் நான் சொல்லவில்லை, இரண்டாவது நாளே ஒரு கணுக்கால் போனது. மாதப் பயண அட்டை, பெருநகர் முழுவதற்கும் 40 யூரோ, அதிலேயே மெட்ரோ, டிராம், சிந்த்ரா ரயில், ஆற்றைக் கடக்கும் படகு எல்லாம் அடங்கும், வாங்கிவிடுங்கள். ஆனால் மாதம் என்றால் அவர்களுக்குக் காலண்டர் மாதம், மே 20ஆம் தேதி வாங்கினால் 31ஆம் தேதி முடிந்துவிடும்.

பைஷாவில் மாலையானால் ஒருவர் பக்கத்தில் வந்து "ஹஷீஷ்?" என்று காதில் கிசுகிசுப்பார். போலீஸ் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, காரணம் விற்பது பெரும்பாலும் போலிச் சரக்கு. எங்கள் குழுவில் ஒரு பிள்ளை அப்படி வாங்கி ஏமாந்தான். பிரித்துப் பார்த்தால் நம் பிரியாணி இலை மாதிரி ஒரு சமையல் இலையை அரைத்து அழுத்திய கட்டி. பல்கலைக்கழகத்துக்கு அறிக்கை எழுத வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன், சமையல் சாமானுக்கு அறிக்கை எதற்கு என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு. மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் வந்து இறங்கும். இலவசம் இல்லை, தொட்டால் காசு, தொடாவிட்டால் வாங்கக் கூடாது. பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். நீங்கள் சைவமா என்று தெரியாது. சைவம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான், கீரை சூப் என்று நம்பி வாங்கும் கால்து வெர்தேயில் ஒரு துண்டு பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். சாதாரணக் காப்பிக்கடைக் கண்ணாடிப் பெட்டியில்கூடச் சமோசா இருக்கும், ஷமூசா என்பார்கள், கோவா வழியாக வந்தது, ஆனால் உள்ளே பெரும்பாலும் கறி, கேட்டுக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் மார்த்திம் முனீஷ் பக்கம், வங்காளதேசத்துக்காரர்களின் கடைகளில். காப்பிக்கு "பிக்கா" என்று கேளுங்கள், மேசையில் உட்காராமல் நின்றுகொண்டே குடியுங்கள். அதே கடைக்கு நான்கு நாள் தொடர்ந்து போனால் ஐந்தாவது நாள் கேட்காமலே வரும். எனக்கு அது எந்தக் கோட்டையையும்விடப் பெரிய விஷயமாக இருந்தது.

உங்களுக்கென்று தனியாக ஏதாவது வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை. வகுப்பைத் திங்கள் முதல் வியாழனுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெள்ளியானால் பிள்ளைகள் மலிவு விமானம் பிடித்துப் பார்சலோனாவுக்கோ மர்ரகேஷுக்கோ பறந்துவிடுவார்கள், ஊர் அமைதியாகிவிடும். எங்கே போகிறார்கள், எப்போது திரும்புகிறார்கள் என்று வாட்சப் குழுவில் எழுதிவிட்டுப் போகச் சொல்லுங்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நான் காலையில் கம்பு தெ ஓரீக்கே போவேன், மேடு பள்ளமில்லாத சமதளப் பேட்டை, பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், அதுதான் சுகம். 28ஆம் டிராம் அங்கேதான் முடிகிறது, முடியும் இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டம், பெயர் ப்ரஸெரெஷ், "இன்பங்கள்" என்று அர்த்தம். மாலையில் கைஷ் தொ சொத்ரே படகுத்துறையிலிருந்து அக்கரைக்குப் படகு, பத்து நிமிஷம்தான். திரும்பி வரும்போது பார்த்தால் மொத்த ஊரும் ஏழு குன்றோடு மெதுவாக எதிரே வரும். சிந்த்ராவுக்குப் போகலாம், ரொஸியுவிலிருந்து நாற்பது நிமிஷ ரயில், ஆனால் கூட்டம் மண்டையைப் பிளக்கும், நான் இரண்டாவது தடவை போகவில்லை.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்களிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் என்றால் இதுதான் முதல் வேலை. மாணவர்கள் அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு கைவீசிக்கொண்டு இறங்குவார்கள், அவர்களை அழைத்துப் போகும் உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், நேரம் கிடைக்காது. குழுவில் இந்திய, சீனப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் மாணவர் யாராவது இருந்தால் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு வார இறுதியில் லண்டனுக்கோ மொராக்கோவுக்கோ போனால் திரும்ப உள்ளே வர முடியாது. மற்றவர்களோடு சேர்ந்து டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு வந்து அழுத ஒரு பையனை நான் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, விமானம் ஏறுவதற்கு முன்.

கடைசியாகத் தேதி. ஜூன் 10 தேசிய விடுமுறை. ஜூன் 12 இரவு புனித அந்தோணியார் திருவிழா, அல்ஃபாமா என்ற பழைய பேட்டையின் ஒவ்வொரு சந்திலும் அடுப்பு போட்டு மத்தி மீன் சுடுவார்கள், புகை உங்கள் சட்டையில் ஒரு வாரம் இருக்கும். சின்னத் தொட்டியில் மஞ்சரிக்கு என்று ஒரு செடி விற்பார்கள், நம் திருநீற்றுப்பச்சிலையின் குட்டித் தங்கை. மூக்கை வைத்து முகரக் கூடாது, செடி வாடிவிடுமாம், கையால் தொட்டுக் கையை முகர வேண்டும். ஊர் முழுக்க விடியும்வரை தெருவில் இருக்கும், நீங்களும் இருங்கள். மறுநாள் 13ஆம் தேதி லிஸ்பனுக்கு விடுமுறை. இது தெரியாமல் முதல் வருஷம் அன்று காலை ஒன்பது மணிக்கு வகுப்பு வைத்திருந்தேன். பதினெட்டில் மூன்று பேர் வந்தார்கள். கட்டடம் பூட்டியிருந்ததால் படிக்கட்டில் உட்கார்ந்தோம், அந்த மூவரில் ஒருவன் உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டான்.